புது எஸ்.எஸ்.டி.யில் நானே விண்டோஸ் போட வேண்டும்: திரை பேசாத அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன வழி?

பெரம்பூர் வாசி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பார்வை அறவே கிடையாது. பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பதினோரு வருடமாக என்விடிஏ (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துக்கொண்டு வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், வங்கி வேலை எல்லாம் நானேதான் பார்த்துக்கொள்கிறேன். இன்றுவரை நானே செய்யாத ஒரே வேலை ஓ.எஸ். போடுவது.

போன வருடம் ஒரு கடையில் கொடுத்தேன். 700 ரூபாய். சாயங்காலம் வாங்கிவந்து ஆன் செய்தால் ஒரே அமைதி. என்விடிஏ இல்லை. சரி, விண்டோஸோடு கூடவே வரும் திரைவாசிப்பான் நேரேட்டரையாவது எழுப்பலாம் என்று எழுப்பினால் பாஸ்வேர்டு கேட்கிறது. அவர் வைத்த பாஸ்வேர்டை என்னிடம் சொல்லவே இல்லை. மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் கடை. அதற்கு அப்புறம்தான் தெரிந்தது, "டி" டிரைவையும் சேர்த்து ஃபார்மட் அடித்துவிட்டார் என்று. ஆறு வருட வினாத்தாள் போயிற்று. "டேட்டா இருக்குன்னு நீங்க சொல்லலியே சார்" என்றார்.

இப்போது பழைய ஹார்ட் டிஸ்க் கிர்கிர் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ரிச்சி தெருவில் 500 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஓ.எஸ். மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு, டிபிஎம் 2.0, இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் நேராக 11தான் போட வேண்டும்.

டிஸ்க் காலி. அதாவது உள்ளே பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. வீட்டில் அம்மா மட்டும்தான், அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. எதிர்வீட்டுப் பையன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான். பார்வையுள்ளவர் துணை இல்லாமல் யாராவது முழுதாகச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

---

விசைப்பலகை | ஞாயிறு, இரவு 10.25

செய்திருக்கிறேன் சார். எனக்கும் பார்வை இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் அணுகல்தன்மைச் சோதனை செய்கிறேன். அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு கணினியில் ஓ.எஸ். போட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

விண்டோஸ் நிறுவும் திரையிலேயே நேரேட்டர் இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசும். விண்டோஸ் 10இல் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. நம் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. கடைக்காரர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது.

உங்களுக்குப் பேசாத இடம் என்று பார்த்தால் ஒன்றுதான்: லேப்டாப் ஆன் ஆனதும் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு. விண்டோஸுக்கு முன்னால் வரும் இந்த பயாஸ் திரைக்குப் பெரும்பாலும் குரல் கிடையாது.  ஆனால் டிஸ்க் முழுக் காலியாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான். உள்ளே ஓ.எஸ். இல்லை என்றால் நிறைய லேப்டாப்கள் தாமாகவே பென்டிரைவைத் தேடிப்போகும். மெனுவே தேவைப்படாமல் போகலாம்.

பென்டிரைவ் தயாரிக்க வேறொரு கணினி வேண்டும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓட்டுங்கள், என்விடிஏவோடு ஒழுங்காக வேலை செய்யும். 8 ஜிபி பென்டிரைவே போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள். முடிந்ததும் அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு என்விடிஏ நிறுவியை வைத்துவிடுங்கள். பின்னால் அது கைகொடுக்கும்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாறினால் போகாது. கீ கேட்கும் இடத்தில் "என்னிடம் கீ இல்லை" என்று தள்ளிவிட்டு, முன்பு ஹோம் இருந்ததா ப்ரோ இருந்ததா என்று பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள். இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

---

குறுக்குக் கேள்வி | திங்கள், காலை 7.10

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு ஒன்று புரியவில்லை. பார்வையுள்ளவர்களே முக்கால்வாசிப் பேர் இதைக் கடையில் கொடுத்துத்தான் செய்துகொள்கிறார்கள். என் மைத்துனன் இன்ஜினியர், அவனே கொடுக்கிறான். 500, 700 ரூபாய்க்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? நல்ல கடையாகப் பார்த்துக் கொடுத்தால் ஆயிற்று. உதவி கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

---

விசைப்பலகை | திங்கள், காலை 8.02

கௌரவம் எங்கே வந்தது இதில்? உங்கள் மைத்துனர் கடையிலிருந்து வாங்கியதும் திரையைப் பார்த்தே என்ன போட்டிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். நான் அந்த நிமிடம் முதல் இருட்டில் நிற்கிறேன். கூடவே கடையில் கொடுத்தால் முக்கால்வாசி நேரம் கள்ள ஆக்டிவேட்டர் போட்டுத்தான் தருகிறார்கள். அது ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்துவிடுகிறார்கள். அந்தக் கணினியில்தான் நான் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டப்போகிறேன்.

கடையில் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும் சார். எனக்கு வேண்டியது, கொடுப்பதா வேண்டாமா என்று நானே முடிவு செய்யும் நிலைமை.

---

பழைய பஞ்சாங்கம் | திங்கள், காலை 11.30

இந்த இழையைப் படித்ததும் சிரிப்புதான் வந்தது. நான் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்தவன். எங்கள் காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கதையைக் கேளுங்கள்.

நீலத் திரை. நேரேட்டர் கிடையாது, ஒரு பேச்சும் கிடையாது. நாங்கள் நான்கு பேர் ஒரு பார்வையுள்ள நண்பரை உட்கார வைத்து, ஒவ்வொரு திரையிலும் என்ன எழுதியிருக்கிறது, எந்த விசை என்று பிரெயிலில் குறித்துக்கொண்டோம். தொடக்கத்தில் என்டர். ஒப்பந்தத்துக்கு எஃப் 8. பழைய பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) அழிக்க டி, உறுதிசெய்ய எல். புதிதாக உருவாக்க சி. அப்புறம் என்டர். நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். ஹார்ட் டிஸ்க் ஓடும் சத்தத்தையும் சிடி டிரைவ் சுற்றும் சத்தத்தையும் வைத்தே "இப்போது காப்பி ஆகிறது, இப்போது நின்றுவிட்டது" என்று கண்டுபிடிப்போம். ஒருமுறை எண்ணிக்கையில் ஒரு என்டர் தவறிப்போய் நண்பரின் கல்யாண ஆல்பம் முழுதும் அழிந்தது. அவர் மனைவி அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை.

இப்போது டிஸ்க்கும் சத்தம் போடுவதில்லை, சிடியும் இல்லை. நேரேட்டர் மட்டும் வராமல் போயிருந்தால் நம் பாடு இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும். பெரம்பூர் தம்பி, தைரியமாகச் செய். உன்னிடம் அழிவதற்கே ஒன்றுமில்லையே!

---

ரிச்சி தெரு கடைக்காரன் | திங்கள், மதியம் 3.15

நான் பார்வையுள்ளவன். தெருவில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நண்பர் இந்த இணைப்பை அனுப்பினார். பெரம்பூர் சார் சொன்னது என் கடை இல்லை என்று நம்புகிறேன். ஆனாலும் படித்தபோது சங்கடமாக இருந்தது.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து லேப்டாப் வரும். மாஸ்டர் பென்டிரைவைச் செருகிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, தெரியாதுதான் காரணம். உங்களைப் போன்றவர்கள் லேப்டாப் கொடுத்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஒரு தாளில் எழுதிச் சொன்னால் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைக்கிறேன்.

---

விசைப்பலகை | திங்கள், மாலை 6.50

கேட்டதற்கே நன்றி அண்ணா. எழுதிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் டேட்டா எந்த டிரைவில் இருக்கிறது என்று கேளுங்கள், அவர் சொல்லாவிட்டாலும் கேளுங்கள். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அவர் சொல்வதாக இருக்க வேண்டும். முடிந்ததும் என்விடிஏ தளத்திலிருந்து இறக்கிப் போட்டுவிடுங்கள், அது இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத ஒருவர் 2006இல் தொடங்கியது. நிறுவும்போது உள்நுழையும் திரையிலும் பேச வேண்டும் என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். கடைசியில் ஹெட்போனைக் கையில் கொடுத்து அவரையே ஆன் செய்யச் சொல்லுங்கள். பேசினால்தான் பணம் வாங்க வேண்டும்.

கடைசி வரி விளையாட்டுக்குச் சொன்னது. பாதி விளையாட்டுக்கு.

---

டெபியன் பித்தன் | திங்கள், இரவு 11.05

யாரும் லினக்ஸ் பேசாததால் நான் பேசுகிறேன். வழக்கம்தான், திட்டுங்கள்.

லினக்ஸில் ஒரு வகையான டெபியனின் நிறுவியில் குரல் 2011இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. விண்டோஸ் அதைச் செய்வதற்கு ஆறு வருடம் முன்பே. பென்டிரைவிலிருந்து தொடங்கியதும் மெனு தயார் என்று பீப் சத்தம் வரும். பழைய பயாஸ் என்றால் ஒரு பீப், அதற்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ என்றால் இரண்டு. ஆக எந்த முறையில் தொடங்கியது என்பதையும் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். எஸ் அழுத்தி என்டர் தட்டினால் பேச ஆரம்பித்துவிடும். சில லேப்டாப்பில் பீப் வராது. ஒன்றும் தொடாமல் அரை நிமிடம் சும்மா இருங்கள், அதுவே பேசும் முறைக்குப் போய்விடும். இதை யோசித்து வைத்த ஆளுக்குக் கோயில் கட்ட வேண்டும்.

கேள்விகளெல்லாம் எண்ணோடு வரும். எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும், டேப் அடித்துக்கொண்டு தேட வேண்டாம். ஒன்றுக்கு மேல் சவுண்ட் கார்டு இருந்தால் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்து, "இதுதான் வேண்டும் என்றால் என்டர் தட்டு" என்று அதுவே கேட்கும். நிறுவி முடிந்து டெஸ்க்டாப் வரும்போது ஆர்கா திரைவாசிப்பான் தானாகப் பேசும். மாட்டே டெஸ்க்டாப் எடுத்துக்கொண்டால் பழகச் சுலபம். அதற்குக் குரல் கொடுக்கும் ஈஸ்பீக் தமிழும் வாசிக்கும். கொஞ்சம் ரோபோ தமிழ், பழகிவிடும்.

இன்னொரு தகவல். அரசு சார்பில் உருவான பாஸ் லினக்ஸைச் செய்ததே நம் சென்னையிலிருக்கும் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்தான். அதுவும் டெபியனை அடிப்படையாக வைத்தது.

---

குறுக்குக் கேள்வி | செவ்வாய், காலை 7.20

பித்தன் சார், அவர் விண்டோஸ் கேட்டார்.

---

டெபியன் பித்தன் | செவ்வாய், காலை 7.31

அதுதான் முதலிலேயே திட்டச் சொன்னேனே.

---

பெரம்பூர் வாசி | புதன், இரவு 10.50

தோற்றுப்போன கதையைச் சொல்கிறேன்.

பள்ளிக் கணினியில் பென்டிரைவ் தயார் செய்தேன், அது பிரச்சினை இல்லாமல் முடிந்தது. வீட்டுக்கு வந்து செருகி ஆன் செய்து, எதற்கும் இருக்கட்டும் என்று பூட் மெனுவை அழைக்கும் எஃப் 12ஐ மழை மாதிரித் தட்டினேன். காத்திருந்தேன். கன்ட்ரோல் விண்டோஸ் என்டர். அமைதி. மறுபடி. அமைதி. ஒரு இருபது தடவை அழுத்தியிருப்பேன். அம்மா வந்து, "ஏதோ நீலமா எழுத்து வருதுடா, கட்டம் கட்டமா இருக்கு" என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

அப்புறம் போனில் கேமராவில் தெரியும் எழுத்தைப் படித்துச் சொல்லும் சீயிங் ஏஐ செயலியைத் திறந்து திரையைப் படிக்க வைத்தேன். பூட் மெனுவிலேயே நின்றுகொண்டிருக்கிறது! மூன்று வரி. முதலில் எஸ்.எஸ்.டி., இரண்டாவது பென்டிரைவ். எஃப் 12 தட்டாமல் விட்டிருந்தால் நீங்கள் சொன்ன மாதிரி தானாகப் போயிருக்குமோ என்னவோ. கீழ் அம்பு ஒருமுறை, என்டர். ஒன்றரை நிமிடம் கழித்து மறுபடி போனில் பார்த்தால் மொழி கேட்கும் திரை. வந்துவிட்டது! மூன்று விசையையும் அழுத்தினேன். அமைதி. ஐந்து முறை அழுத்தினேன். அமைதி. ஹெட்போனை அதன் துளையில் செருகிப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கடைக்கே போய்விடலாமா என்று இருக்கிறது.

---

விசைப்பலகை | புதன், இரவு 11.12

போக வேண்டாம் சார். முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டு விஷயம். முதலாவது, அந்த மூன்று விசையும் சுவிட்ச் மாதிரி. ஒருமுறை அழுத்தினால் நேரேட்டர் எழும், மறுமுறை அழுத்தினால் தூங்கிவிடும். பென்டிரைவிலிருந்து ஓடும்போது அது எழுந்து வாய் திறக்கவே அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நீங்கள் ஐந்து முறை அழுத்தி எழுப்பி, தூங்க வைத்து, எழுப்பி, தூங்க வைத்து விளையாடியிருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள். இதைவிடக் கடினமான வேலை இந்த நிறுவுதலில் வேறில்லை.

இரண்டாவது, சத்தம். நிறுவும் சூழலில் இருப்பது சின்ன விண்டோஸ். அதில் பொதுவான சவுண்ட் டிரைவர்கள் மட்டும்தான் இருக்கும். புது லேப்டாப்கள் பலவற்றில் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்ற ஏற்பாட்டின் வழியாகத்தான் ஒலி போகிறது. அதற்குரிய டிரைவர் இந்தச் சின்ன விண்டோஸில் இருக்காது. நேரேட்டர் பேசிக்கொண்டுதான் இருக்கும், ஒலி வெளியே வராது. 3.5 எம்எம் துளையும் அதே சவுண்ட் கார்டில்தான் சேர்கிறது, அதனால் அதில் செருகியும் பயனில்லை. ப்ளூடூத்தை மறந்தேவிடுங்கள். யூஎஸ்பி ஹெட்செட் அல்லது விரல் நீள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். அதற்கு வேண்டியது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். லேப்டாப்பை ஆன் செய்வதற்கு முன்பே செருகிவிடுங்கள்.

என் பையில் சாவிக்கொத்தோடு ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கும். என் சக ஊழியர் அதைத் தாயத்து என்பார்.

---

ரிச்சி தெரு கடைக்காரன் | வியாழன், காலை 9.45

யூஎஸ்பி சவுண்ட் கார்டு 250 ரூபாயிலிருந்து கிடைக்கும் சார். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். இந்தத் தெருவில் நடைபாதை இருக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரிந்ததே. வந்ததும் இங்கே தனிச்செய்தி அனுப்புங்கள், பையனை அனுப்பி அழைத்துவரச் சொல்கிறேன்.

நேற்று நீங்கள் சொன்ன மூன்று விசையைக் கடையில் அழுத்திப் பார்த்தேன். பேசியது! பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்தத் திரையைப் பார்த்திருப்பேன், அதற்குள் ஒரு குரல் இருக்கிறது என்று தெரியாது.

---

கடற்கரை ரயில் | வியாழன், மதியம் 1.20

வணக்கம். மாநிலக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பார்வை மாற்றுத்திறனாளி. ஒரு சந்தேகம். என்னுடைய லேப்டாப்பில் விண்டோஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் ரொம்ப மந்தம். புதிதாகப் போட வேண்டும். எனக்கும் இந்தப் பென்டிரைவ், பூட் மெனு எல்லாம் தேவையா அக்கா?

---

விசைப்பலகை | வியாழன், மதியம் 1.58

தேவையே இல்லைம்மா. ஓடும் விண்டோஸ் இருந்தால் வேலை பத்தில் ஒன்றுதான். செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் "ரீசெட் திஸ் பிசி" கொடு, எல்லாவற்றையும் நீக்கு என்று சொல். மறுதொடக்கம் ஆகும்வரை உன் என்விடிஏவே பேசும். இல்லையென்றால் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) இறக்கி, அதன்மேல் என்டர் தட்டித் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டு. எதையும் வைத்துக்கொள்ளாதே என்று தேர்ந்தெடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். இதிலும் கடைசி மறுதொடக்கம் வரை திரைவாசிப்பான் கூடவே இருக்கும்.

பென்டிரைவில்தான் தொடங்க வேண்டும் என்றாலும் பூட் மெனுவைத் தொடாமல் போக வழி உண்டு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடு. ஒரு நீலத் திரை வரும், அங்கேயும் அதே மூன்று விசைக்கு நேரேட்டர் எழும். "யூஸ் எ டிவைஸ்" என்பதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ஒன்று, டேட்டாவை முதலில் வெளியே எடுத்துவிடு. பெரம்பூர் சாரின் ஆறு வருட வினாத்தாளை நினைத்துக்கொள்.

---

பெரம்பூர் வாசி | சனி, இரவு 8.30

பேசியது!

முழுதாக எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

காலையில் ரிச்சி தெரு போய் சவுண்ட் கார்டு வாங்கினேன். கடைக்கார அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பேட்டரி முழுதாக ஏறும்வரை காத்திருந்தேன். சவுண்ட் கார்டு, பென்டிரைவ் இரண்டையும் செருகி ஆன் செய்தேன். இந்த முறை எஃப் 12 பக்கமே போகவில்லை. கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம். மூன்று விசை, ஒரே ஒரு தடவை. கையைக் கட்டிக்கொண்டேன்.

நாற்பது விநாடி இருக்கும். காதில், "செலக்ட் லாங்குவேஜ் செட்டிங்ஸ்" என்று ஒரு அமெரிக்கக் குரல். அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். "என்னடா இங்கிலீஷ்ல பேசுறா" என்றார்.

அதற்கப்புறம் டேப், அம்பு, என்டர்தான். ஒரு திரையில் நெக்ஸ்ட் அழுத்த முடியாமல் நின்றேன். டேப் அடித்துப் பார்த்தால், எல்லாக் கோப்பும் அழியும் என்று ஒப்புக்கொள்கிறேன் என்ற பெட்டி. ஸ்பேஸ் தட்டி டிக் போட்டபின் வழிவிட்டது.

பயந்தது டிஸ்க் திரைக்குத்தான். பட்டியலில் இரண்டு டிஸ்க் படித்தது. ஒன்று 465 ஜிபி சொச்சம், ஒதுக்கப்படாத இடம். இன்னொன்று 28 ஜிபி சொச்சம். ஒரு கணம் குழம்பினேன், நான் வாங்கியது 500 அல்லவா? அப்புறம் புரிந்தது. விற்கிறவர்கள் ஆயிரத்தால் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 28 என்பது என் 32 ஜிபி பென்டிரைவ். அளவை வைத்தே எது எது என்று தெரிந்துவிட்டது. பெரியதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட், அப்புறம் இன்ஸ்டால். சதவீதத்தை அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தது.

முதல் மறுதொடக்கத்தில் பென்டிரைவை உருவிவிட்டேன், மறுபடி ஆரம்பத்துக்கே போய்விடக்கூடாது என்று. மறுதொடக்கம் ஆனதும் மறுபடி அமைதி. இந்த முறை பதறவில்லை. மூன்று விசை, ஒருமுறை, காத்திருத்தல். நாடு எது என்று கேட்டது.

அடுத்து இணையம் கேட்டது. வைஃபை பட்டியலே வரவில்லை. அதற்கும் டிரைவர் இல்லை போலிருக்கிறது. போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டேன், உடனே பிடித்துக்கொண்டது. கணக்கு, பின் நம்பர் எல்லாம் நானே வைத்தேன். டெஸ்க்டாப் வந்ததும் பென்டிரைவைச் செருகி என்விடிஏ போட்டேன். பழக்கமான குரல் வந்தபோது ஏதோ ஊருக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. அப்டேட் ஓடி முடிந்ததும் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரும் பேச ஆரம்பித்தது. ஆக்டிவேஷன் பார்த்தேன், டிஜிட்டல் உரிமம் என்கிறது.

மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம். அதில் ஒரு மணி நேரம் அப்டேட்.

---

பழைய பஞ்சாங்கம் | சனி, இரவு 8.55

சபாஷ் தம்பி! நானும் அடுத்த வாரம் ஒன்று போட்டுப் பார்க்கப் போகிறேன். எழுபதைத் தொடும் வயதில் என்ன நஷ்டம்.

---

குறுக்குக் கேள்வி | சனி, இரவு 9.20

வாழ்த்துகள். நிஜமாகவே. ஆனால் அந்தப் பூட் மெனுவை போன்தானே படித்துச் சொன்னது? அது பார்வையுள்ளவர் துணை இல்லையா?

---

பெரம்பூர் வாசி | சனி, இரவு 9.34

போன் என் பாக்கெட்டில் இருந்தது சார். எதிர்வீட்டுப் பையன் பெங்களூருவில் இருக்கிறான்.

---

விசைப்பலகை | சனி, இரவு 10.05

வாழ்த்துகள் சார்! இன்றிரவே ஒரு வேலை செய்துவிட்டுத் தூங்குங்கள். புது விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும். செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆகியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் உங்கள் கணக்கில் இருக்கும். அதைப் போனிலும் ஒரு இடத்தில் சேமியுங்கள். ஏதாவது கோளாறில் அது அந்த எண்ணைக் கேட்டால், கேட்கும் திரையிலும் பெரும்பாலும் சத்தம் இருக்காது.

---

கடற்கரை ரயில் | ஞாயிறு, காலை 10.15

அக்கா, ரீசெட் போட்டேன். பாதியில் ஏதோ பிழை காட்டி, பழையபடியே திரும்ப வந்துவிட்டது. பென்டிரைவ்தான் வழி போலிருக்கிறது. ஆனால் எனக்குத் தயாரித்துக்கொள்ள இன்னொரு கணினி இல்லை. விடுதியில் தங்கியிருக்கிறேன்.

---

பெரம்பூர் வாசி | ஞாயிறு, காலை 10.40

இன்னொரு கணினி எதற்கு? பழையபடி திரும்ப வந்துவிட்டது என்றால் உங்கள் விண்டோஸ் ஓடுகிறதே, அதிலேயே தயாரிக்கலாம். ஐஎஸ்ஓ வழியும் இருக்கிறதே, அக்கா சொன்னது. அதை முதலில் பாருங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் என் பென்டிரைவ் சும்மாதான் இருக்கிறது, சவுண்ட் கார்டும் தருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கல்லூரி வாசலுக்கு வருகிறேன். லேப்டாப் என்ன மாடல்?

---

கடற்கரை ரயில் | ஞாயிறு, காலை 10.52

மாடல் பெயர் அடியில் ஸ்டிக்கரில் இருக்கிறது சார். போனில் படிக்க வைத்துச் சொல்கிறேன், ஒரு நிமிடம்.